ஒரு பிரதியும் நாற்பது பி.டி.எஃப்.பும்

அந்தக் காலத்தில் அரசுப் பள்ளியில் நூலகப் பொறுப்பு என்றால் ஒரு கண்ணாடி பீரோ, ஒரு சாவி, ஒரு இருப்புப் பதிவேடு, அவ்வளவுதான். பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் பீரோவில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் பொறுப்பாசிரியர் கைக்காசு போட்டுக் கட்ட வேண்டும். அதனால், எவர் கையும் படாத புத்தகம்தான் பத்திரமான புத்தகம் என்று உபதேசம் செய்துவிட்டுத்தான் மூத்த ஆசிரியர் என்னிடம் சாவியைக் கொடுத்தார். நூல்கள் பயன்படுவதற்காகத்தான் இருக்கின்றன என்பதை நூலகவியலின் முதல் விதியாக எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே எழுதிவைத்திருக்கிறார். அதே வருடம் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். எங்கள் பீரோ 1980களிலும் தலைமையாசிரியர் நாற்காலிக்குப் பின்னால் இருந்து ஒரு அடிகூட நகரவில்லை.

இப்போது என் போனுக்குள் அதைப்போல் பத்து பீரோ இருக்கிறது. யார் யாரோ அனுப்பிய பி.டி.எஃப்.கள். சாவி இல்லை, பதிவேடு இல்லை, கைக்காசு போகும் என்ற பயமில்லை. கைபடாமல் இருக்கிற விஷயத்தில் மட்டும் அதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

நான் வேலை பார்த்தது கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் ஊர். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவலுக்கு டவுன் பஸ்ஸில் போய்விடலாம். ஒரே ஊரிலிருந்து சாகித்திய அகாதமி வாங்கிய இரண்டு பேர். எங்கள் பீரோவில் இருவர் புத்தகமும் கிடையாது. பாடநூலில் வந்தால்தான் எழுத்தாளர் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. இன்றைக்குக் கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு அரசு கட்டிய நினைவரங்கமே இருக்கிறது. வாசலில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். உள்ளேயும் போகிறார்கள், இல்லை என்று சொல்லக்கூடாது.

மாலையில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேரே தீப்பெட்டி வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் ஆபீசுக்கு. தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். உட்கார ஒரு நாற்காலி இருக்காது, இருந்தாலும் ஆபீஸ். சின்னப் பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். ஒரு குரோசு, அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. “படிக்க நேரமில்ல டீச்சர்” என்றார்கள். கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே இருக்கிறது என்று நான் ஒரு திண்ணையில் போய் உட்கார்ந்தேன். எங்கள் வாசிப்பு வட்டம் தொடங்கியது அப்படித்தான். பெயர் கிடையாது, பேனர் கிடையாது, தொடக்க விழா கிடையாது. பசை வாளி மட்டும் உண்டு.

ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் ஒட்டுவார்கள். வாசிக்கிறவளுக்கு அன்றைய கூலி போய்விடக்கூடாதே என்று ஆளுக்குக் கொஞ்சம் அதிகமாக ஒட்டி அவள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். இந்த ஏற்பாட்டை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளர்களும் இதையே செய்திருக்கிறார்கள். ஒருவர் பத்திரிகையையும் நாவலையும் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் அவர் பங்குப் பீடியையும் சுற்றிக் கொடுப்பார்கள். இதையெல்லாம் இப்போது மேடையில் சொன்னால், உழைப்பும் வாசிப்பும் கைகோத்த பொற்காலம் என்று கைதட்டுகிறார்கள். பசை நாற்றத்தையும் கந்தகம் பட்டுப் புண்ணான விரலையும் சொல்ல ஆரம்பித்தால் தட்டுகிற கை நின்றுவிடும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. வீட்டில் குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு அந்தச் சட்டமே விலக்குக் கொடுத்திருந்தது. ஆகவே பொற்காலம் எங்கள் திண்ணையில் மேலும் சில வருடம் நீடித்தது.

புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதுவும் என் சொந்தக் காசு, அல்லது யாரிடமோ இரவல். ஒரே பிரதி என்பதால் யாரும் முன்னால் ஓட முடியாது, பின்தங்கவும் முடியாது. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து மேதாவித்தனம் காட்ட வழியில்லை. எல்லாருக்கும் ஒரே வரி ஒரே நேரத்தில் வந்து சேரும். அந்தப் பற்றாக்குறையை நாங்கள் திட்டாத நாளில்லை. ஆளுக்கொரு புத்தகம் இருந்தால் எப்படியெல்லாம் பேசலாம் என்று நானே ஏங்கியிருக்கிறேன். இன்றைக்கு நாற்பது பேர் கையில் நாற்பது பி.டி.எஃப். இருக்கிறது. ஏங்கியது கிடைத்துவிட்டது.

ஒரு நாள் அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ வாசித்தோம். 1970இல் அவர் காலமானபின் அகாதமி விருது கொடுத்தார்களே, அந்தத் தொகுப்பின் தலைப்புக் கதை. பத்திரிகை ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுப்பார். புது வருஷத்துக்குச் சில பிள்ளைகளுக்கு டைரி தருகிறார், சாரங்கனுக்குத் தரவில்லை. சாரங்கன் அவரை ஒரு நாள் தன் வீட்டுக்கு அழைத்து உபசரிக்கிறான். கடைசியில் ஒரு டைரியை எடுத்து நீட்டி, அவரே தனக்குப் பிரியமாகக் கொடுத்தது போல எழுதித் தரச் சொல்கிறான்.

வாசித்து முடித்ததும் ஒட்டுகிற கைகள் நின்றுவிட்டன.

“அந்த மாமா சரியில்ல டீச்சர்” என்றாள் ஒருத்தி.

“அவரு என்ன செய்வாரு? இருக்கறதத்தான குடுக்க முடியும்?”

“கேட்டு வாங்குனா அது அன்பளிப்பா?”

“கேக்காம குடுத்த பிள்ளைகளுக்கு அதோட அருமை தெரியவா போகுது?”

மூலையில் உட்கார்ந்து, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், தலையைத் தூக்காமல் கேட்டாள்: “அவரு எழுதிக் குடுத்துட்டாருல்ல டீச்சர். அப்பம் அதுல எழுதியிருக்கறது பொய்யா, நெசமா?”

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பேசாமல் ஒரு பெட்டியை எடுத்து ஒட்ட ஆரம்பித்தேன். டீச்சர் சொல்வது விடை. விடை வந்துவிட்டால் அதற்கடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். அப்படித்தானே பழக்கி வைத்திருக்கிறோம். அன்று இருட்டும் வரை பொய்யா நிஜமா சண்டை ஓயவில்லை. நான் ஒட்டிய பெட்டிகளெல்லாம் கோணல் என்று தள்ளுபடி ஆனது வேறு கதை. மறுநாள் அந்த வீட்டம்மா, “ஒங்க கதையால நேத்து ஒரு குரோசு கொறஞ்சு போச்சு டீச்சர்” என்று சொல்லிவிட்டு, “அந்தப் பையனுக்குக் கடைசில எழுதிக் குடுத்தாரா இல்லையா?” என்றும் கேட்டார்.

தலைமையாசிரியர் கேட்டது வேறு: “இது எந்தப் போர்ஷன்ல வருது டீச்சர்?” நான்–டீடெய்ல் சார் என்றேன். துணைப்பாடம் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம்.

நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சி வரும்போதெல்லாம் சோவியத் புத்தகங்கள் வாங்குவேன். கெட்டி அட்டை, வழவழ தாள், டீக்காசுக்குச் சற்று மேலே விலை. சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ எங்கள் திண்ணையில் ரொம்ப நாள் ஓடியது. துய்ஷேன் என்ற வாத்தியார் உறைகிற ஓடையில் இறங்கிப் பிள்ளைகளை முதுகில் சுமந்து அக்கரை சேர்ப்பார். “நம்ம ஓடைல தண்ணியே கெடையாதே, அவரு இங்க வந்தா என்ன வேல பாப்பாரு?” என்று ஒரு பையன் கேட்டான். 1991இல் சோவியத் யூனியன் இல்லாமல் போனபோது உலக அரசியல் பற்றி யார் யாரோ கவலைப்பட்டார்கள். இனி இந்த விலைக்குக் கெட்டி அட்டை போட்டு யார் தருவார்கள் என்பதுதான் எங்கள் கவலை.

இனி நிகழ்காலம்.

2020 பொதுமுடக்கத்தின்போது இணையவழி நூல் கலந்துரையாடலுக்கு என்னை அழைத்தார்கள். அழைப்பிதழில் சிறப்புரையாற்றுபவர் முகம் பெரிதாக. தலைமை வகிப்பவர் முகம் அதற்கடுத்த அளவில். வரவேற்புரை, நன்றியுரை, தொழில்நுட்ப ஒருங்கிணைப்பு என்று முகங்கள் வரிசை கட்டி நிற்க, கீழ் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒன்று தெரிந்தது; பெரிதாக்கிப் பார்த்தேன், புத்தகம். தலைமை வகித்தவர் தனக்கு நேரமின்மையால் நூலை முழுமையாக வாசிக்க இயலவில்லை என்று தொடங்கி அரை மணி நேரம் பேசினார். வாசித்திருந்தால் எவ்வளவு நேரம் பேசியிருப்பாரோ. சிறப்புரை ஒரு மணிக்கு மேல். மற்ற எல்லாரையும் ம்யூட்டில் வைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் மட்டும் மறந்து மைக்கைத் திறந்துவிட, அவர் வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. அன்றைக்கு வாசகர் தரப்பிலிருந்து வந்த கருத்து அது ஒன்றுதான். கலந்துரையாடல் பகுதி நேரம் கருதி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்திலும் அப்படியே.

வாட்ஸாப் குழுவிலும் இருக்கிறேன். மாதம் ஒரு நாவல். குழுவின் முதல் விதி: அரசியல், மதம், சாதி பேசக்கூடாது. நல்ல விதிதான். அந்த மாதம் எடுத்துக்கொண்ட நாவல் பூமணியின் ‘பிறகு’. செருப்புத் தைக்கிற அழகிரியின் வாழ்க்கை. சாதியை எடுத்துவிட்டால் அட்டையும் அச்சகத்தார் முகவரியும்தான் மிஞ்சும். குழுவில் மொழிநடை அருமை என்றார்கள். வட்டார வழக்கு இனிமை என்றார்கள். எட்டு பேர் கைகூப்பினார்கள், ஒருவர் ரோஜாப்பூ அனுப்பினார். அடுத்து அவருடைய ‘வெக்கை’. 1982இல் வந்த நாவல், 2019இல் ‘அசுரன்’ படம் ஆனது. நாவலுக்கு நடுவில் நிற்பவன் சிதம்பரம் என்ற பதினைந்து வயதுப் பையன். பேச முன்வந்தவர்கள் எல்லாரும் தனுஷின் சண்டைக் காட்சியைப் பற்றியே பேசினார்கள். நான் மெதுவாக, நாவலில் அப்பா அப்படி இல்லையே என்று எழுதினேன். “மேடம் நாவலும் படிச்சிருக்காங்க போல, சூப்பர்” என்று பதில் வந்தது.

கட்டணம் வாங்கும் பள்ளி ஒன்றில் ரீடிங் கிளப் தொடங்கிவைக்க அழைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் டி–ஷர்ட். குழுவுக்கு ஐந்து பேர், ஒவ்வொரு கழுத்திலும் ஒரு அட்டை: வினா எழுப்புபவர், சொல் தேடுபவர், படம் வரைபவர், தொடர்புபடுத்துபவர், தொகுத்துச் சொல்பவர். “இது அமெரிக்க முறை மேடம்” என்றார் ஒருங்கிணைப்பாளர். உண்மைதான். ஹார்வி டேனியல்ஸ் என்பவர் 1994இல் எழுதிய புத்தகம் இந்த அட்டைகளைப் பரப்பியது. அவரே 2002இல் அதைத் திருத்தி மறுபதிப்புக் கொண்டுவந்தபோது, இந்த வேலைப் பங்கீட்டுத் தாள்கள் பல வகுப்புகளில் பேச்சை இயந்திரமாக்கிவிட்டன என்று வருத்தப்பட்டிருக்கிறார். முதல் பதிப்பு மட்டும் கப்பல் ஏறி வந்துவிட்டது. ஒரு குழுவின் அருகே போய் உட்கார்ந்தேன். கதையில் வரும் நாய்க்கு என்ன ஆயிற்று என்று ஒரு சிறுவனுக்குக் கேள்வி முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துப் பெண் அவன் அட்டையைச் சுட்டிக்காட்டி, “நீ படம் வரையறவன், கேள்வி நான்தான் கேக்கணும்” என்றாள். அவன் நாயை வரைந்தான். எங்கள் திண்ணையிலும் பொறுப்புகள் இருந்தன, சொல்லாமல் விடக்கூடாது: ஒருவன் அரிக்கேன் திரியைத் தூண்ட, ஒருத்தி பசை கிண்ட, ஒருத்தி ஆடு உள்ளே வராமல் பார்க்க. கேள்வி கேட்பதற்கு மட்டும் ஆள் நியமிக்கவில்லை.

அரசுப் பள்ளிகளில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்களைப் பார்த்தேன். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள், மெல்லிசான புத்தகங்கள், பிள்ளைகள் கையிலேயே இருக்கின்றன. குறை சொல்ல வரவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பெரியவர்களின் வட்டங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். திருநெல்வேலியில் டி.கே.சி. வீட்டு வட்டத்தொட்டி, நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி வீட்டில் கூடிய ‘காகங்கள்’, 1970 முதல் மாதாமாதம் பத்திரிகைச் சிறுகதைகளை எடைபோட்ட சென்னை இலக்கியச் சிந்தனை. எல்லாம் படித்தவர்கள் கூடிய இடங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களோடு ஒரு வாசிப்பு வட்டம் எனக்கு வாய்த்தது. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்து, சோறு பொங்கி வைத்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் வருவார்கள். பாதிப் பேர் தூங்கி விழுவார்கள். அவர்களுக்குக் கி.ரா.வின் ‘கதவு’ வாசித்தேன். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து வீட்டுக் கதவைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். பிள்ளைகள் ஏறி ஆடி விளையாடிய கதவு. கதவில்லாத வீட்டில் வாடைக்காற்று புகுந்து கைக்குழந்தை செத்துப்போகிறது.

இந்தக் கதையைப் பற்றிக் குறியீடு, படிமம் என்றெல்லாம் கட்டுரைகள் வந்திருக்கின்றன. தூங்கி விழுந்துகொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: “தீர்வ எம்புட்டு டீச்சர்?”

எனக்குத் தெரியவில்லை. கதையைப் புரட்டினேன். “கதவு வெலயவிடக் கம்மியாத்தான் இருக்கும்” என்றார் இன்னொருவர். “புருசன் மணிமுத்தாத்துல வேலைக்குப் போயிருக்கான்ல, ஒரு மாசங்கூடப் பொறுக்க மாட்டானா தலையாரி?” அன்றைக்கு எழுத்துப் பாடம் நடக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கிளை நூலகத்தில் ஒரு சின்ன வட்டம் நடத்துகிறேன். நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பது சௌகரியம். ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஒருவர், ஜெராக்ஸ் கடைக்காரர், வங்கியில் வேலை பார்ப்பவர், இரண்டு இல்லத்தரசிகள், ஒரு கல்லூரிப் பெண். படிக்காமல் வர வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறேன். எந்தக் குழுவிலும் எந்த விதியும் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரே பிரதி, கை மாறி மாறி உரக்க வாசிக்க வேண்டும். முதலில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. மேடையில் மைக் பிடித்து ஒரு மணி நேரம் முழங்கக்கூடிய வங்கிக்காரர் ஒரு பக்கத்தை வாசிப்பதற்குள் வேர்த்துப் போனார். மௌனமாகவே படித்துப் பழகிய கண், அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறது. நாக்கு பின்னாலேயே நின்றுவிடுகிறது. இப்போது பரவாயில்லை, மூச்சு விடும் இடம் பிடிபட்டுவிட்டது.

போன மாதம் ‘கதவு’ எடுத்தோம். வாசித்து முடித்ததும் வி.ஏ.ஓ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கலங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

“கத நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா நடைமுறை தப்பு. தீர்வை பாக்கிக்கு ஜப்தி பண்ணணும்னா 1864ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கு. மொதல்ல டிமாண்ட் நோட்டீஸ் சார்வு பண்ணணும். தலையாரி பாட்டுக்குக் கதவக் கழட்டிட்டுப் போக முடியாது.”

“நோட்டீஸ் குடுத்திருந்தா மட்டும் அந்தம்மா எங்க போயிக் கட்டும்?” என்றார் ஜெராக்ஸ்காரர்.

“அது வேற. கதவு அசையாச் சொத்து. நிலையோட சேந்தது. அத அசையும் சொத்து மாதிரித் தூக்கிட்டுப் போனது சட்டப்படி செல்லாது.”

கல்லூரிப் பெண் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். “கதவு அசையத்தான சார் செய்யும்? அந்தப் பிள்ளைங்க அதுல ஏறித்தான ஆடுறாங்க?”

வி.ஏ.ஓ. யோசித்தார். “கழட்டுற வரைக்கும் அசையாச் சொத்து. கழட்டிட்டா அசையும் சொத்து.”

“அப்பக் கழட்டுனவன் யாரு?”

“எடுத்த பொருளுக்குத் தீர்வை போக மிச்சப் பணம் வந்தா திருப்பிக் குடுக்கணுமில்லையா?” என்று இல்லத்தரசிகளில் ஒருவர் கேட்டார். அவர் சீட்டுப் பிடிக்கிறவர், கணக்கில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

“கண்டிப்பாக் குடுக்கணும்.”

“தீர்வை எவ்வளவு இருக்கும்னு நெனைக்கிறீங்க?”

மானாவாரிப் புஞ்சைக்கு அந்தக் காலத்தில் என்ன தரம், என்ன பசலி என்று அவர் விரல் விட ஆரம்பித்தார். வங்கிக்காரர் வட்டி சேருமா என்று குறுக்கே வந்தார். நூலகர் கதவைச் சாத்த வேண்டும் என்று சாவிக்கொத்தைக் குலுக்கிவிட்டார், சபை அப்படியே எதிர் டீக்கடைக்கு நகர்ந்தது. அங்கே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், கதை என்னவென்றே கேட்காமல், வி.ஏ.ஓ. சொல்வதுதான் சரி என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு அவரையே தலைமை வகிக்கக் கூப்பிடலாம் என்கிறார் ஜெராக்ஸ்காரர்.